1995இல் எழுதிய மொய் இன்றைக்கு எவ்வளவு? பணத்தின் கால மதிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொய் நோட்டில் 1995ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால் 101 ரூபாய் எழுதியவர்கள்தான் அதிகம். முப்பது வருடம் கழித்து அவர்கள் வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்குப் போய், அதே 101 ரூபாயைக் கவரில் வைத்து நீட்டிவிட்டு “கணக்கு நேர்” என்று வந்துவிட முடியுமா? அம்மா விடமாட்டார். “அன்னைக்கு நூறு ரூபாய்னா என்னன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்து, ஐநூறாவது வைக்கச் சொல்வார். கடன், சீட்டு, பாலிசி, பென்ஷன் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மொய் விஷயத்தின் வேறு வேறு உருவங்கள்தான். எண்களை வாசிக்க வசதியாகச் சற்று முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

பணத்தின் கால மதிப்பு என்றால் சுருக்கமாக என்ன?

இன்று கையில் இருக்கும் ரூபாயும் ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ரூபாயும் ஒன்றல்ல. ஆகவே வேறு வேறு தேதியில் வருகிற, போகிற பணத்தை அப்படியே கூட்டவோ கழிக்கவோ கூடாது. டாலரையும் ரூபாயையும் நேராகக் கூட்டுவோமா? முதலில் ஒரே நாணயத்துக்கு மாற்றுவோம். இங்கே ஒரே தேதிக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தருவது வட்டி விகிதம்.

“நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்றைக்குக் கிடைக்கும் களாக்காய் மேல்” என்று நம் ஊரில் சொல்வார்கள். பழமொழி அதோடு நிறுத்திக்கொள்ளும். பலாக்காய் எவ்வளவு பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம் என்று சொல்வதுதான் கணக்கின் வேலை.

விலைவாசி ஏறுவதால்தானே இப்படி?

அது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. விலை ஒரு பைசா ஏறாத ஊரிலும் இன்றைய பணத்துக்கு மதிப்பு கூடுதல்தான். இன்று கையில் இருந்தால் அதைத் தொழிலில் போடலாம், கடனை அடைக்கலாம், அவசரத்துக்கு எடுக்கலாம். நாளை தருகிறேன் என்பவர் தராமலும் போகலாம். காத்திருப்பதற்கு, ஆபத்துக்கு, விலையேற்றத்துக்கு என மூன்றுக்கும் சேர்த்து நாம் கேட்கும் கூலிதான் வட்டி.

கணக்கை எப்படிப் போடுவது?

முன்னோக்கிப் போனால் பெருக்கல், பின்னோக்கி வந்தால் வகுத்தல். வருடம் 7 சதவீதம் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் 1.07ஆல் பெருக்க வேண்டும். ஒரு லட்சம் பத்து வருடத்தில் சுமார் 1,96,700 ஆகும். திருப்பிப் போட்டால், பத்து வருடம் கழித்து வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 50,800 ரூபாய்.

மனக்கணக்குக்கு 72 போதும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் பணம் இரட்டிக்கும் என்று தெரிந்துவிடும். 7 சதவீதத்துக்குப் பத்து வருடத்துக்குச் சற்று மேல், 12 சதவீதத்துக்கு ஆறு. இதே 72 விலைவாசிக்கும் பொருந்தும். பணவீக்கத்துக்கு இந்தியா வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு 4 சதவீதம். அந்த இலக்கு பிசகாமல் நிறைவேறினாலும் பதினெட்டு வருடத்தில் பீரோவில் வைத்த ரூபாய் பாதியாகிவிடும்.

எந்த வட்டியை வைத்துக் கணக்குப் போடுவது? 7ஆ, 10ஆ, 24ஆ?

இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். பதில் உங்களைப் பொறுத்தது. அந்தப் பணம் இன்று கையில் இருந்தால் நீங்கள் அதை என்ன செய்வீர்கள் என்பதுதான் உங்கள் வட்டி.

உங்களுக்கு ஒருவர் ஒரு லட்சம் தர வேண்டும். “அடுத்த வருடம் முழுசாகத் தருகிறேன், இப்போதே வேண்டுமானால் 85,000தான்” என்கிறார். உங்கள் பணம் 7 சதவீத டெபாசிட்டில் கிடக்கிறது என்றால், அடுத்த வருட லட்சத்தின் இன்றைய மதிப்பு 93,458. ஆள் நம்பகமானவராக இருந்தால் காத்திருங்கள். அதே நீங்கள் இரண்டு வட்டிக்கு, அதாவது வருடம் 24 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கடை நடத்துபவர் என்றால், அந்த லட்சம் உங்களுக்கு இன்று 80,645தான் பெறும். 85,000ஐ வாங்கிக் கடனை அடையுங்கள். ஒரே பேச்சு, ஒரே தொகை, இருவருக்கு எதிரெதிர் பதில். இருவரும் சரிதான்.

“நூத்துக்கு ரெண்டு வட்டி” என்பது 2 சதவீதம்தானே?

மாதத்துக்கு. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24. வட்டியை மாதாமாதம் கட்டாமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 26.8 சதவீதம். வங்கி வருடக் கணக்கில் பேசும், வட்டிக்கடை மாதக் கணக்கில் பேசும். இரண்டையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்காததால்தான் “பேங்க்ல பதினொண்ணாம், இங்க ரெண்டுதான்” என்கிற பேச்செல்லாம்.

இந்த ‘நூற்றுக்கு இரண்டு’ நம் ஊர்ச் சரக்கு மட்டும் அல்ல என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஃபிபோனாச்சி என்று அழைக்கப்படும் பிசா நகரத்து லியோனார்டோ 1202இல் எழுதிய கணித நூலில் ஒரு போர்வீரன் கணக்கு வருகிறது. அரசன் அவனுக்கு வருடம் 300 பெசன்ட் நாணயம் தருகிறான், மூன்று மாதத்துக்கு 75 வீதம். பிறகு மனம் மாறி, வருடக் கடைசியில் மொத்தமாக 300 என்கிறான். வீரன் தன் பணத்தில் மாதம் நூற்றுக்கு இரண்டு சம்பாதிக்கக்கூடியவன். அவனுக்கு எவ்வளவு நஷ்டம்? இன்றைய முறையில் போட்டால் நான்கு தவணையின் இன்றைய மதிப்பு சுமார் 259, கடைசியில் வரும் 300இன் மதிப்பு சுமார் 237. அரசன் ஒரு நாணயம்கூடக் குறைக்கவில்லை, ஆனால் 22 நாணயம் பறிபோய்விட்டது. சம்பளம் தள்ளிப்போகிற எல்லோருக்கும் இந்த வீரனைத் தெரிந்திருக்கும்.

தண்டல்காரர் 10,000க்கு 1,000 ரூபாய்தான் பிடித்துக்கொள்கிறார். 10 சதவீதம் பரவாயில்லையே?

அவர் கையில் தருவது 9,000. மறுநாள் முதல் தினம் 100 ரூபாய், நூறு நாள். பத்து சதவீதம் என்று தோன்றுவதற்குக் காரணம், ஆயிரத்தைப் பத்தாயிரத்தால் வகுத்துவிட்டு நூறு நாளை மறந்துவிடுவது. அதுவும் முழுப்பணம் உங்களிடம் நூறு நாள் இருப்பதில்லை, மறுநாளே குறைய ஆரம்பிக்கிறது. ஐம்பதாவது நாளில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். சரியாகப் போட்டால் நாளுக்கு 0.21 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. வருடத்துக்கு ஏறத்தாழ 77 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டி சேர்க்காமல்.

தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே இவற்றைத் தடுக்கிறது. ஆனாலும் மார்க்கெட்டில் விடியற்காலை நோட்டும் பையுமாக வருகிறவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். காய்கறிக்காரருக்கு 9,000 ரூபாயை அதிகாலை நான்கு மணிக்கு வேறு யார் தருவார்கள் என்ற கேள்விக்கு என் கணக்கில் பதில் இல்லை.

பைக் லோனில் “ஃபிளாட் 12 சதவீதம்” என்கிறார்கள். நல்ல வட்டியா?

இல்லை. ஒரு லட்சம், இரண்டு வருடம், ஃபிளாட் 12 என்றால் வட்டி 24,000. மொத்தம் 1,24,000ஐ 24ஆல் வகுத்து மாதம் 5,167 கட்டச் சொல்வார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கு. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் வங்கி முறையில் இது 21.6 சதவீதம். ஃபிளாட் என்ற சொல்லைக் கேட்டால் மனதுக்குள் கிட்டத்தட்ட இரட்டித்துக்கொள்ளுங்கள்.

வட்டியில்லா இஎம்ஐ உண்மையிலேயே வட்டியில்லாததா?

“ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 24,000 ரூபாய் போன், மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டி பூஜ்யம். ரொக்கத்துக்கு 22,500 என்று அவர் சொன்னால் போனின் விலை 22,500, மீதி 1,500 வட்டி. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய மாதம் 1 சதவீதம், வருடம் 12. குறைக்கவே மாட்டேன் என்றால் தாராளமாக இஎம்ஐயிலேயே வாங்குங்கள். ஆனால் பிராசஸிங் கட்டணம் இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள்.

சீட்டில் முதலில் எடுப்பது லாபமா, கடைசியில் எடுப்பது லாபமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், கணக்கும் இதில்தான் சுவாரசியம். ஒரு ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. நடத்துபவருக்குக் கமிஷன் 5,000. முதல் மாதம் ஒருவர் 30,000 தள்ளி, அதாவது லட்சத்தில் அவ்வளவை விட்டுக்கொடுத்து, எடுக்கிறார். கமிஷன் போக மீதி 25,000ஐ இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250 கழிவு, அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். பிறகு தள்ளு மாதாமாதம் ஒரே சீராகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 87,500.

முதலில் எடுத்தவர் கைக்கு 70,000 வந்தது. “எழுபதுக்கு எண்பத்தேழரை, 17,500தான் வட்டி, இருபது மாதத்துக்கு 25 சதவீதம், வருடத்துக்கு 15” என்று அவர் சொல்வார். கடைசியில் எடுப்பவர், “எண்பத்தேழரை கட்டி 95,000 வாங்கினேன், லாபம் ஏழரைதான், வருடம் 5 சதவீதம்தான் தேறும், பேங்கிலேயே போட்டிருக்கலாம்” என்று அலுத்துக்கொள்வார்.

இருவர் கணக்கும் தப்பு. இருவரும் வேறு வேறு மாதத்து ரூபாய்களைக் கூட்டிவிட்டார்கள். முதலாமவர் 70,000ஐ வாங்கிய அன்றே 3,750ஐக் கட்டிவிட்டார், மறுமாதம் முதல் கடனைத் திருப்பிக்கொண்டேயிருக்கிறார். அவர் கொடுக்கும் உண்மையான வட்டி மாதம் 2.35 சதவீதம், வருடம் 28. கடைசி ஆள் 87,500ஐ முதல் நாளே கொட்டிவிடவில்லை, சிறுகச் சிறுகத்தான் கட்டினார். சராசரியாகப் பார்த்தால் அவர் பணம் பத்து மாதத்துக்கும் குறைவாகவே சீட்டில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது மாதம் 0.9 சதவீதம், வருடம் சுமார் 11. டெபாசிட்டைவிட மேல்.

அப்படியானால் முதலில் எடுப்பவர் ஏமாளியா? கந்துவட்டியை அடைக்கவோ, சரக்கு மலிவாக வரும் நேரத்தில் கொள்முதல் செய்யவோ எடுத்தால் 28 சதவீதமும் கட்டுப்படியாகலாம். தீபாவளிக்கு டிவி வாங்க எடுத்தால் கட்டுப்படியாகாது. கடைசி ஆளின் 11 சதவீதத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: இருபதாவது மாதம் சீட்டு நடத்துபவர் ஊரில் இருக்க வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டு சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம்வரை போகலாம், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒத்திக்குப் போனால் வாடகை மிச்சம்தானே?

சில ஊர்களில் ஒத்தி, சில இடங்களில் போகியம், லீஸ். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையை வாங்கிக்கொள்வது. 6,000 வாடகையும் 50,000 அட்வான்ஸும் உள்ள வீட்டுக்கு 6 லட்சம் ஒத்தி கேட்கிறார்கள் என்று வையுங்கள். கூடுதலாக முடங்குவது ஐந்தரை லட்சம், மிச்சமாவது வருடம் 72,000. அதாவது அந்தப் பணம் உங்களுக்கு 13 சதவீதம் ஈட்டுகிறது. டெபாசிட்டில் சும்மா கிடந்த பணம் என்றால் நல்ல பேரம். நகையை அடகு வைத்து, கைமாற்று வாங்கிப் புரட்டிய பணம் என்றால் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இடிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்று வருடம் முடிந்து காலி செய்யக் கேட்டபோது, வீட்டுக்காரர் “அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன்” என்றார். எட்டு மாதம் இழுத்தது. அந்த எட்டு மாதத்துக்கும் ஒரு விலை உண்டு.

பாலிசியில் கட்டியதைப் போல இரண்டு மடங்கு வருகிறதாம். சேரலாமா?

வருடம் 50,000, இருபது வருடம், மொத்தம் 10 லட்சம். முடிவில் 20 லட்சம். “டபுள்” என்று ஏஜென்ட் சொல்வது பொய் அல்ல. ஆனால் முதல் தவணை இருபது வருடம் அங்கே இருக்கிறது, கடைசித் தவணை ஒரே வருடம். எல்லாவற்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்தால் வருவது 6.2 சதவீதம். அதோடு ஆயுள் காப்பும் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். ‘எத்தனை மடங்கு’ என்ற கேள்விக்குப் பதில் வரும்போதெல்லாம் ‘எத்தனை வருடத்தில்’ என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள், போதும்.

பென்ஷன் கம்யூட்டேஷனில் 9.83 லட்சம் கொடுத்துவிட்டு 18 லட்சம் பிடிக்கிறார்களே, இது நியாயமா?

ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடங்களில் கட்டாயம் காதில் விழும் பேச்சு. விவரம் இதுதான். மத்திய அரசு ஊழியர் தன் மாதப் பென்ஷனில் 40 சதவீதம்வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை ஓய்வின்போதே வாங்கிக்கொள்ளலாம். 15 வருடம் கழித்து அந்தப் பகுதி மறுபடி பென்ஷனில் சேர்ந்துவிடும். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அட்டவணைக் காரணி 8.194. மாதம் 10,000 விட்டுக்கொடுத்தால் 10,000 × 12 × 8.194, அதாவது 9,83,280 ரூபாய். பிடித்தம் 180 மாதம், மொத்தம் 18 லட்சம்.

9.83ஐயும் 18ஐயும் அருகருகே வைத்தால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் வீட்டுக் கடனையும் இப்படி வைத்துப் பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும். 9,83,280ஐக் கடனாக நினைத்து, மாதம் 10,000 வீதம் 180 தவணை என்று போட்டால் வட்டி வருடம் ஏறக்குறைய 9 சதவீதம் வருகிறது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு, ஜாமீன் இல்லாமல், 15 வருடத்துக்கு 9 சதவீதத்தில் கடன் என்பது மோசமில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓய்வூதியர் இடையில் காலமாகிவிட்டால் மீதிப் பிடித்தம் அத்தோடு நின்றுவிடும், குடும்ப ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டார்கள். எந்த வங்கிக் கடனும் அப்படி முடிவதில்லை. அரசு ஊழியருக்கு இந்தத் தொகைக்கு வருமான வரியும் இல்லை.

இருந்தாலும் எல்லோரும் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். 9 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கடன் இருந்தால் எடுக்கலாம். எடுத்து 7 சதவீத டெபாசிட்டில் போடப்போகிறீர்கள் என்றால், ஆயுசு கெட்டியாக இருக்கும் பட்சத்தில் வருடத்துக்கு 2 சதவீதம் நஷ்டத்துக்கு உட்காருகிறீர்கள். பிள்ளைக்குக் கொடுக்கத்தான் என்றால் அது வேறு கணக்கு.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) பணத்தை 5ஆம் தேதிக்குள் போடச் சொல்கிறார்களே, ஏன்?

5ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5இல் போடாமல் 6இல் போட்டால், 7.1 சதவீதக் கணக்கில் 887 ரூபாய் போச்சு. ஒரு ராத்திரியின் விலை.

இதையெல்லாம் கையால் போட முடியுமா?

தேவையில்லை. எக்செல்லில் ஒரு வரிசையில் தேதி, பக்கத்தில் தொகை. போகும் பணத்துக்குக் கழித்தல் குறி, வரும் பணத்துக்கு வேண்டாம். கீழே எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) என்ற சூத்திரத்தைப் போட்டால் வருட வட்டி வந்து நிற்கும். ஆனால் அது வட்டிக்கு வட்டி சேர்த்த விகிதத்தைக் காட்டும். அதனால் மேலே நான் மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்ன எண்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

சரி, 101 ரூபாய் மொய்க்கு இப்போது எவ்வளவு வைப்பது?

6 சதவீதம் என்று வைத்தால் முப்பது வருடத்தில் 5.74 மடங்கு, சுமார் 580. 7 சதவீதம் என்றால் 769. அம்மா எக்செல் திறக்காமலே சொன்ன ஐநூறு அவ்வளவு தூரத்தில் இல்லை. ‘இரண்டு வட்டி’ கணக்கில், வருடா வருடம் வட்டியை முதலோடு சேர்த்துப் போட்டால் 64,000 தாண்டும், அதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் மொய் நடக்கும் விதம் வேறு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்கியதைத் திருப்பும்போது கூட்டிப் போடுகிறோமே, அந்தக் கூடுதல் வட்டி அல்ல. அது புதிய கடன். அவர் வீட்டு நோட்டில் நம் பெயரில் ஏறி, நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வர வேண்டிய பணம். வட்டி என்று ஒரு பைசா கிடையாது. லாபம், வரிசையில் முந்தி விருந்து வைப்பவருக்குத்தான், முதல் சீட்டை ஏலமில்லாமல் எடுத்த மாதிரி.

2025இல் அந்தப் பேத்தி கல்யாணத்துக்கு அம்மா ஆயிரம் ரூபாய் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, பழைய பக்கத்தில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக் அடித்தார். புதுப் பக்கத்தில் எழுதியது: “பழசு 101. புதுசு 899.”